ஒரு வாளி கலங்கல் தண்ணீர்

பித்தானி வீரவேணி கரும்பலகையில் வரையும் பீக்கரை அப்படியே கையில் எடுத்துத் தண்ணீர் குடித்துவிடலாம். அவ்வளவு நேர்த்தி. வட்ட வாய், ஓரத்தில் கிளிமூக்கு, பக்கவாட்டில் அளவுக் கோடுகள், பாதிவரை தண்ணீர். அந்தத் தண்ணீரின் மேல்பரப்பு கண்ணாடி ஓரத்தில் லேசாக ஏறி நிற்பதுகூட விட்டுப்போகாது. கோதாவரியின் நடுவே தீவாகக் கிடக்கும் நேரேடுலங்கா உயர்நிலைப் பள்ளிக்கு அவள் அறிவியல் டீச்சராக வந்த நாளிலிருந்து, சோதனை என்றால் அது சாக்கட்டியால் செய்வதுதான். அவளிடம் படித்த பிள்ளைகள் பியூரெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவார்கள். நிஜ பியூரெட்டைக் கையில் கொடுத்தால் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பார்கள்.

ஆய்வுக்கூடம் என்று ஓர் அறை இருக்கத்தான் செய்தது. அதில் மதிய உணவுக்கான அரிசி மூட்டைகளும், எப்போதோ தேர்தலுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போக மறந்த இரண்டு மேசைகளும், கழுத்து உடைந்த ஒரு குடுவையும் இருந்தன. குடுவையில் தலைமை ஆசிரியர் பேரய்யா மணிபிளாண்ட் வளர்த்தார்.

வீரவேணி அதிகம் பேசமாட்டாள். தேங்காய் வியாபாரம் செய்யும் அவள் கணவன் ஏடுகொண்டலு இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவான். "எங்க வேணி மனசுக்குள்ள முதல்ல ரஃப் நோட்டுல பேசிப் பாப்பா. அப்புறம்தான் ஃபேர் நோட்டுல பேசுவா. ஃபேர் நோட்டு வர்றதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துடும்" என்று சந்தையில் சொல்லிச் சிரிப்பான்.

பேச்சில் சிக்கனமே தவிர, ஒரு விஷயத்தில் அவள் விட்டுக்கொடுக்கவேமாட்டாள். பலகையில் படம் வரைந்து முடித்ததும் அடியில் 'படம் மட்டும்' என்று எழுதிவிடுவாள். பரீட்சையில் "நாங்கள் சோதனை செய்து பார்த்தோம்" என்று எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் போய்விடும். "செஞ்சோம்னு எழுதாதே. செஞ்சமாதிரி வரைஞ்சோம்னு எழுது." தாள் திருத்தும்போது மற்ற டீச்சர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

இப்படிப்பட்டவள் கையில்தான் அந்தக் கறுப்புப் பெட்டி வந்து சேர்ந்தது.

டவுனில் நடந்த பயிற்சி வகுப்பு ஒன்றில் அதைக் காட்டினார்கள். சோற்று டப்பா அளவுதான். மேலே ஒரு மூடி. உள்ளே மருந்துச் சீசா மாதிரி ஒரு கண்ணாடிக் குப்பியை இறக்கி வைக்கக் குழி. குப்பியில் தண்ணீரை ஊற்றி, துடைத்து, உள்ளே வைத்து மூடினால் ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் பாயும். தண்ணீரில் மண்ணோ தூசியோ இருந்தால் வெளிச்சம் அதில் மோதிச் சிதறும். சிதறுவதைப் பக்கவாட்டில் ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்கும். எவ்வளவு சிதறல், அவ்வளவு கலங்கல். சின்னத் திரையில் எண் வந்து நிற்கும். தண்ணீரின் கலங்கலை அளக்கும் சென்சார்.

"ஒரே ஒரு பெட்டிதான் இருக்கு. கடனாத்தான் கொடுப்போம். யாருக்கு வேணும்?" என்று கேட்டார் பயிற்சியை நடத்திய ஆபீசர் சீதாபதி ராவ்.

பணியில் சேர்ந்ததிலிருந்து எந்தக் கூட்டத்திலும் கை தூக்காத வீரவேணி கையைத் தூக்கினாள். எதை அளக்கப்போகிறீர்கள் என்று கேட்டார். "கோதாவரியை" என்றாள். கூட்டம் சிரித்தது. ஃபேர் நோட்டில் இருந்த அடுத்த வாக்கியத்தையும் சொன்னாள். "வெள்ளம் வரும்போது எவ்வளவு கலங்குது, எப்படித் தெளியுதுன்னு பிள்ளைங்களை வச்சு அளக்கணும்."

சீதாபதி ராவ் பெட்டியைக் கொடுத்தார். "வெள்ள மாசத்துல நானே நேர்ல வந்து பாப்பேன்மா. பலகையில பட்டியல் இருக்கணும். இல்லேன்னா பெட்டி டவுன் ஸ்கூலுக்குப் போயிடும். அங்க அதுக்குக் கண்ணாடி அலமாரியே செஞ்சு வச்சிருக்காங்க."

வெள்ள மாதத்தில் லங்கா எனப்படும் ஆற்றுத் தீவு ஊர்களைப் பார்வையிட ஆபீசர்கள் ஏன் இப்படி ஆசைப்படுகிறார்கள் என்பது கோதாவரிக் கரையில் கைக்குழந்தைக்கும் தெரியும். சிவப்புத் தண்ணீர் வந்தால்தான் கடலிலிருந்து, ருசிக்குப் பேர்போன புலச மீன் ஏறி வரும்.

பெட்டியைப் பழைய பருத்திப் புடவைத் துண்டில் சுற்றி, டிபன் பையில் வைத்து, மார்போடு அணைத்துக்கொண்டு ஊர் திரும்பினாள். "பிள்ளை பெத்து ஆஸ்பத்திரியிலேர்ந்து வரும்போதுகூட நீ இப்படித் தூக்கிட்டு வரலையே" என்றான் ஏடுகொண்டலு.

முதல் நாள் வகுப்பில் ஒரு குப்பித் தண்ணீரில் ஒரு சொட்டுப் பால் விட்டுக் காட்டினாள். எண் குதித்தது. பிள்ளைகள் கத்தினார்கள். பலகையில் முந்தின பாடத்துப் படத்தின் அடியில் எழுதியிருந்த 'படம் மட்டும்' என்ற எழுத்தைத் தன் முந்தானையாலேயே துடைத்தாள்.

பிறகு சிவப்புத் தண்ணீர் வந்தது. மேலே எங்கோ மழை. இங்கே ஒரு தூறலும் இல்லை. ஆனால் ஒரே நாளில் கோதாவரி செம்மண் கரைத்த மாதிரி ஆகி, லங்காவுக்கு வரும் தரைப்பாலத்தை முழுங்கிவிட்டது. குடிதண்ணீர் கேன் கொண்டுவரும் வண்டியும் நின்றது. வழக்கம்போல் எல்லா வீட்டிலும் ஆற்றுத் தண்ணீர்தான்.

பிள்ளைகளிடம் சொன்னாள். "நாளைக்கு ஆளுக்கொரு பாட்டில் கோதாவரித் தண்ணி. அவங்கவங்க வீட்டுத் துறையில எடுத்தது. பிள்ளைங்க யாரும் ஆத்துல இறங்கக்கூடாது. பெரியவங்க எடுத்துத் தரணும்."

"ஆய் மேடம்!" என்றது வகுப்பு.

அந்தப் பக்கத்தில் பெரியவர்கள் எது சொன்னாலும் 'ஆய்' என்பதுதான் பதில். ஆகட்டும் என்று பொருள். நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்றும் கொள்ளலாம். சொன்னபடி செய்வார்கள் என்று மட்டும் கொள்ளக்கூடாது.

மறுநாள் மேசைமேல் பாட்டில்கள் வரிசையாக நின்றன. அத்தனையும் பளிங்கு. பாட்டிலுக்குப் பின்னால் வைத்த புத்தகத்தைப் படிக்கலாம்.

வீரவேணி முதல் வரிசையில் இருந்த லோவலட்சுமியை எழுப்பினாள். வகுப்பிலேயே பெரிய வாய் அவளுக்குத்தான்.

"இது என்ன தண்ணி?"

"கோதாவரித் தண்ணி மேடம்."

"ஜன்னல் வழியா பாரு. கோதாவரி என்ன நிறம்?"

"சிவப்பு மேடம்."

"பாட்டில்ல இருக்கறது?"

"நிறமே இல்ல மேடம்."

"எப்படி?"

"அம்மா தேத்திக் கொடுத்தாங்க மேடம். மேடத்துக்கா கலங்கல் தண்ணி கொடுத்து அனுப்பறதுன்னு சொன்னாங்க."

வீரவேணிக்கு அப்போதுதான் தன் மண்டையில் தானே குட்டிக்கொள்ளத் தோன்றியது. அவளும் அந்த லங்காவில் வாழ்க்கைப்பட்டவள்தான். குடத்தின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரசி விட்டு, இரவெல்லாம் அசையாமல் வைத்து, வண்டல் அடியில் உட்கார்ந்த பிறகு மேல் தண்ணீரை மட்டும் இறுத்து எடுக்க அவளுக்கும் தெரியும். வெள்ள மாதத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணின் முகத்துக்கு முன்னால் சொம்புத் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள். கலங்கல் தண்ணீரை ஒருத்தர் கையில் கொடுப்பது, போய்விட்டு வாருங்கள் என்று வாசலைக் காட்டுவதற்குச் சமம்.

"இது சரியில்ல. நாளைக்கு வேற கொண்டாங்க" என்றாள். அதற்குமேல் ரஃப் நோட்டில் இருந்ததை அவள் வெளியே சொல்லவில்லை. அதுதான் தப்பாகப் போயிற்று.

"ஆய் மேடம்!"

டீச்சர் சரியில்லை என்று சொல்லிவிட்டார் என்ற செய்தி வீடு வீடாகப் போனது. எந்தத் தாய் பொறுப்பாள்? மறுநாள் வந்த தண்ணீர் இரண்டு முறை தேற்றி, வேட்டியில் வடிகட்டியது. ஒன்றில் துளசி. ஒன்றில் வெட்டிவேர். லோவலட்சுமியின் அம்மா மங்கதாயாரு பச்சைக் கற்பூரமும் போட்டிருந்தாள். அந்தத் தண்ணீரைக் குப்பியில் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்தால், திரை ஒரு கணம் யோசித்துவிட்டு, பூஜ்யத்துக்கும் கீழே போய் மைனஸ் ஒன்று என்று காட்டிற்று. பெட்டியோடு கம்பெனிக்காரன் கொடுத்தனுப்பிய, சீல் வைத்த சுத்தத் தண்ணீர்க் குப்பிக்குக்கூட அந்தக் கொடுப்பினை இல்லை.

"எங்க அம்மா தண்ணி கம்பெனித் தண்ணியத் தோக்கடிச்சிடுச்சு!" என்று லோவலட்சுமி பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.

அன்று மாலை மங்கதாயாரு தெருவில் நடந்த நடையே வேறு. மறுநாள் யாரும் கேட்காமலே ஊர் முழுக்கப் பாட்டில்கள் வந்தன. பள்ளியில் பிள்ளை இல்லாத வீட்டிலிருந்தும் வந்தன. யாருக்கு மைனஸ் இரண்டு வருகிறது என்று பார்க்க வாசலில் கூட்டம்.

வீரவேணி வேறு வழியில்லாமல் வகுப்பில் நேராகவே சொல்லிவிட்டாள். "கலங்கல் தண்ணிதான் வேணும். தேத்தாதீங்க. ஆத்துல மொண்டது மொண்டபடி வேணும்."

அன்று 'ஆய்' வரவில்லை. அதற்குப் பதில் மதியமே அம்மாக்கள் வந்தார்கள். முன்னால் மங்கதாயாரு. அண்ணி முறை வைத்து 'வதினா' என்றுதான் ஆரம்பித்தாள்.

"டீச்சர் வதினா, இது நல்லா இருக்கா? நாலு பக்கமும் வெள்ளம், அதுல நாங்க நாக்கு வறண்டு தண்ணி தேத்தறோம். நீங்க டவுன் ஆபீசர்கிட்ட எங்க வீட்டுத் தண்ணி கலங்கல்னு காட்டப்போறீங்களாமே?"

"வீட்டுத் தண்ணி இல்ல வதினா. ஆத்துத் தண்ணி."

"ஆத்துலேர்ந்து மொண்டது யாரு? நாங்க. பாட்டில்ல பேரு எழுதி ஒட்டறது யாரு பேரு? எங்க பிள்ளைங்க பேரு. அப்ப எங்க தண்ணிதானே?"

"நாளைக்கு என் பொண்ணைப் பாக்க வர்றவங்க, இந்த வீட்டுக் கலங்கல் முந்நூறாமேன்னு கேட்டா நீங்க வந்து பதில் சொல்வீங்களா?" என்றாள் பின்னால் ஒருத்தி.

வீரவேணி வாயைத் திறந்தாள். ஃபேர் நோட்டு வருவதற்குள் பேரய்யா மாஸ்டர் நடுவில் புகுந்து, "ஆய், ஆய், ஒருத்தர் வீட்டுத் தண்ணியும் கலங்காது. நான் பொறுப்பு" என்று எல்லோரையும் அனுப்பிவிட்டார். பிறகு திரும்பி, குரலைத் தாழ்த்தி, மரியாதைக்கு ஒரு 'காரு'வும் சேர்த்து, "வீரவேணி காரு, ஆபீசர் நாளைக்கே வர்றாராம். புலச கிடைச்சிடுச்சுன்னு நான்தான் போன்ல வாய் தவறிச் சொல்லிட்டேன்" என்றார்.

நாளைக்கு. பலகையில் இருந்த பட்டியலைப் பார்த்தாள். பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், மைனஸ் ஒன்று. வெள்ளம் புரண்டோடும் கோதாவரியின் கலங்கல்.

பள்ளி விட்டதும் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு தானே துறைக்குப் போனாள். படகுக்காரர் நடு ஓட்டத்தில் வாளியை இறக்கி, செக்கச்செவேலென்று ஒரு வாளி மொண்டு கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு தெருவழியே வருவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

"அய்யோ டீச்சரம்மா, வீட்ல கொட்டை தீந்துடுச்சா? சொல்லியிருந்தா கொடுத்திருப்பேனே!"

"இருங்க, படிகாரம் இருக்கு, ரெண்டு சுத்து சுத்திடறேன்!"

ஒரு கிழவர் மடியிலிருந்து கொட்டையை எடுத்து வாளிக்குள் போடவே வந்துவிட்டார். வீரவேணி முந்தானையால் வாளியை மூடிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கு வந்து, ஆய்வுக்கூடத்தில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே வைத்துத் தட்டால் மூடினாள். யாரும் கைவைத்துவிடக்கூடாதே என்று ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதி ஒட்டினாள்: 'நாளை ஆபீசர் காருவுக்கு.'

அதை எழுதாமல் இருந்திருந்தால் வாளி பிழைத்திருக்கும்.

மதிய உணவு சமைக்கும் சேஷாரத்னம் அன்று மாலை பள்ளியில்தான் இருந்தாள். புலசக் குழம்பை முதல் நாளே வைத்துவிட வேண்டும். மண்சட்டியில், விறகடுப்பில், வெண்டைக்காய் போட்டு வைத்து, ஒரு ராத்திரி ஊறினால்தான் அது புலசக் குழம்பு. அரிசி எடுக்க உள்ளே போனவள் வாளியைப் பார்த்தாள். தட்டைத் தூக்கினாள். காகிதத்தைப் படித்தாள். பாவம் டீச்சரம்மா, வேலை அவசரத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்தாள். இடுப்பில் எப்போதும் இருக்கும் கொட்டையை எடுத்தாள்.

மறுநாள் காலை சீதாபதி ராவ் படகில் வந்தார். வெள்ளை பேண்ட், பாலிஷ் போட்ட ஷூ. ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படகிலிருந்து கரைக்குத் தாண்டினார். கரை அவருக்கு ஒத்துழைக்கவில்லை. இரண்டு காலும் முழங்கால்வரை கோதாவரி வண்டலுக்குள் போயின. படகுக்காரரும் பேரய்யாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து எடுத்தார்கள்.

பள்ளி வராந்தாவில் சேஷாரத்னம் ஒரு பெரிய அலுமினியத் தாம்பாளத்தைப் போட்டு, அதில் அவரை நிற்க வைத்து, குடத்துத் தண்ணீரை ஊற்றினாள். அவர் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு, "சரிம்மா, கோதாவரியைக் காட்டுங்க" என்றார்.

வீரவேணி வாளியைத் தூக்கி வந்து மேசைமேல் வைத்துத் தட்டை எடுத்தாள்.

வாளியின் அடியில் இருந்த கம்பெனி முத்திரை பளிச்சென்று தெரிந்தது. மேலே ஒரு துளசி இலை மிதந்தது.

வகுப்பறை வாசலில் நின்ற சேஷாரத்னத்தின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "ராத்திரியே தேத்திட்டேன் டீச்சரம்மா. வண்டலைக் கொட்டிட்டு, வாளியத் தேச்சுக் கழுவி மறுபடி ஊத்தி வச்சேன். ஆபீசர்காருவுக்குன்னு எழுதியிருந்தீங்களே!"

சீதாபதி ராவ் வாளியைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். ஜன்னல் வழியே சிவப்பாக ஓடும் ஆற்றைப் பார்த்தார்.

"வெள்ள மாசத்துல கோதாவரி, மைனஸ் ஒண்ணு" என்று படித்தார். "இதை நான் மேல அனுப்பினேன்னா, இதோட சேத்து என்னையும் எங்கயாவது அனுப்பிடுவாங்கம்மா. உங்க மேல தப்பில்ல. ஊர் ஒத்துழைக்கல. இன்னொரு வாளி மொண்டு வந்தாலும் வழியிலயே யாராவது தேத்திடுவாங்க. பெட்டியைக் கட்டிக் கொடுத்துடுங்க."

வீரவேணி புடவைத் துண்டை விரித்தாள். குப்பியைத் துடைத்து அதன் பஞ்சுக்குள் வைத்தாள். அடுத்த வருஷம் இந்தப் பெட்டியையும் பலகையில் வரைய வேண்டும். கறுப்புப் பெட்டி, மூடி, குழி, பக்கவாட்டில் ஒரு கண். வரைந்துவிடுவாள், நன்றாகவே வரைவாள். அடியில் எழுத வேண்டிய இரண்டு சொல் நினைவுக்கு வந்ததும் அவள் கை நின்றுவிட்டது.

நிமிர்ந்தபோது வராந்தாவில் இருந்த தாம்பாளம் கண்ணில் பட்டது. காலை வெயிலில் செம்மண் குழம்பாக மின்னிக்கொண்டிருந்தது.

குப்பியைத் திரும்ப எடுத்துக்கொண்டு நேரே அங்கே போய்க் குனிந்தாள்.

"அம்மா, அம்மா! அது நான் கால் கழுவின தண்ணி!"

"ஆய்" என்றாள் வீரவேணி. மொண்டாள். வெளிப்பக்கத்தைத் துடைத்தாள். பெட்டிக்குள் இறக்கி மூடினாள். எண் ஏறிற்று. ஏறிக்கொண்டே போய், பெட்டி காட்டக்கூடிய உச்சியில் முட்டி, அதற்குமேல் முடியாது என்று சிமிட்டிற்று.

"மேடம்! ஆபீசர்காரு காலை அளக்க மெஷின் பத்தல!" என்றாள் லோவலட்சுமி.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. பேரய்யா இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார். சீதாபதி ராவ் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "சரி, மெஷின் வேலை செய்யுது, ஒத்துக்கறேன். ஆனா ஒரு எண்ணை வச்சுப் பட்டியல் ஆகாதும்மா" என்றார்.

"ஆகாதுங்க" என்று வீரவேணியும் ஒத்துக்கொண்டாள். "நீங்க சாப்பிட்டு வாங்க."

குழம்பு வாசனை ஏற்கனவே வராந்தாவரை வந்துவிட்டிருந்தது. அவர் மறுக்கவில்லை. பேரய்யா அழைத்துப் போனார்.

வீரவேணி தாம்பாளத் தண்ணீரைக் கலக்கி இரண்டு சொம்புகளில் சரிபாதியாக ஊற்றினாள். சேஷாரத்னத்தைப் பார்த்தாள்.

"சேஷாரத்னம், கொட்டை இருக்கா?"

"இதுக்கா? கால் கழுவின தண்ணிக்கா?" அவள் நெஞ்சில் கை வைத்தாள். "யார் குடிக்கறதுக்கு?"

"யாரும் குடிக்க இல்ல. ஒரு சொம்புல மட்டும் தேத்து. இன்னொண்ணுல கை வைக்காதே. எவ்வளவு மனசு துடிச்சாலும் கை வைக்காதே."

சேஷாரத்னத்துக்கு முதல் சொம்பு ஒரு வேலையே இல்லை. கரகரவென்று உரசி விட்டாள். இரண்டாவது சொம்பு கலங்கலாகவே கண்முன் இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கடைசியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

பிள்ளைகள் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருத்தி மேலாக மொண்டாள். ஒருத்தன் குப்பியைத் துடைத்தான். ஒருத்தி எண்ணைக் கத்தினாள். இன்னொருத்தி பலகையில் எழுதினாள். குமிழி இருந்தால் மறுபடி. கைரேகை பட்டால் மறுபடி. முதல் இரண்டு தடவை பெட்டி உச்சியிலேயே சிமிட்டிற்று. பிறகு கொட்டை போட்ட சொம்பு இறங்க ஆரம்பித்தது. கொட்டை போடாத சொம்பும் இறங்கிற்று, மனசில்லாமல்.

புலச மீனுக்கு இருக்கும் முள் வேறெந்த மீனுக்கும் இல்லை. மயிரிழை முள், கிளை முள், முள்ளுக்குள் முள். அதை அவசரமாகத் தின்றவர் யாரும் இல்லை. லோவலட்சுமி சாப்பாட்டு அறை வாசலுக்கும் வகுப்பறைக்கும் ஓடிக்கொண்டிருந்தாள்.

"மேடம், தலைப் பக்கம் முடிஞ்சுது. வால் இருக்கு."

"எண் எவ்வளவு?"

"இன்னும் கொஞ்சம் இறங்கணும் மேடம்."

"பேரய்யா மாஸ்டர்கிட்ட போய் நான் சொன்னேன்னு சொல்லு. இன்னொரு துண்டு வைக்கச் சொல்லு."

இன்னொரு துண்டு வைத்தார்கள். அதற்குப் பிறகு தயிரும் வைத்தார்கள்.

சீதாபதி ராவ் வாயில் பல்குச்சியோடு திரும்பி வந்தபோது பலகை நிறைந்திருந்தது. இரண்டு வரிசை எண்கள். பக்கத்தில் ஒரு வரைபடம். ஒரு கோடு சறுக்குமரத்தில் இறங்கும் பிள்ளைபோல் சரேலென்று கீழே வந்திருந்தது. இன்னொன்று படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கும் கிழவர்போல் பாதியிலேயே நின்றது. மேசைமேல் இரண்டு சொம்பு. ஒன்றில் அடி தெரிந்தது. ஒன்றில் தெரியவில்லை.

அவர் பல்குச்சியை எடுத்துவிட்டார். கிட்டப் போனார். எண்ணை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "தேத்தினது ஒண்ணு, தேத்தாதது ஒண்ணு. ஒரே தண்ணி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "நல்லா இருக்கும்மா. நெஜமாவே நல்லா இருக்கு. டவுன் ஸ்கூல்ல இப்படி ஒண்ணு நான் பாத்ததில்ல."

பிறகு தலைப்புக்கு வந்தார். அங்கே வீரவேணியின் முத்தான எழுத்தில் இருந்தது: 'மாதிரி எடுத்த இடம்: ஆபீசர் சீதாபதி ராவ் காருவின் கால். (வலது, இடது இரண்டும்.)'

அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் விடாமல் படித்தார்.

"இதை மாத்திடலாமேம்மா" என்றார் மெதுவாக. "கோதாவரித் தண்ணீர்னு போட்டுடுங்க."

"அது கோதாவரித் தண்ணி இல்லீங்களே."

"வண்டல் கோதாவரியோடதுதானே?"

"வண்டல் கோதாவரியோடதுதாங்க. தண்ணி சேஷாரத்னம் தேத்தி வச்ச குடத்துத் தண்ணி. கால் உங்களோடது. கீழ விளக்கத்துல மூணையும் எழுதியிருக்கேன்."

அவர் குனிந்து பார்த்தார். எழுதித்தான் இருந்தாள்.

"இப்படியே மேல போகுமா?"

"இன்னிக்கு செஞ்ச சோதனை இதுதானேங்க. செய்யாததைச் செஞ்சோம்னு எழுதக்கூடாது."

"எங்க மேடம் மார்க் வெட்டிடுவாங்க சார்" என்று லோவலட்சுமி எச்சரித்தாள்.

"வேற சோதனை செய்யலாமில்ல?" சீதாபதி ராவின் குரல் இப்போது கெஞ்சலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. "நேரா ஆத்துத் தண்ணியில? இதே மாதிரி?"

"செய்யலாங்க. அதுதான் சரியான சோதனை. அதைச் செஞ்சா இதை அழிச்சிடலாம்." வீரவேணி பாதி கட்டியிருந்த புடவைத் துண்டைப் பார்த்தாள். "ஆனா பெட்டிதான் உங்ககூடப் போகுதே."

துறையில் படகுக்காரர் குரல் கொடுத்தார். சீதாபதி ராவ் ஒருமுறை தன் கால்களைப் பார்த்துக்கொண்டார்.

"பெட்டி போகுதுன்னு யார் சொன்னா?" என்றார்.

"எவ்வளவு நாளைக்குங்க?"

"வெள்ளம் வடியறவரைக்கும் வச்சுக்கோங்க."

"அடுத்த வருஷ வெள்ளத்தோட ஒப்பிட்டாத்தான் ஏதாவது தெரியுங்க." அவளுக்கு இதற்கு ரஃப் நோட்டே தேவைப்படவில்லை.

சீதாபதி ராவ் அந்தப் பக்கத்து ஆள் இல்லை. இருந்தாலும் அன்று அவர் வாயிலிருந்து "ஆய்" வந்தது. வெறும் ஆய் போதாது என்று வீரவேணி ஒரு காகிதத்தை நீட்டினாள். கையெழுத்தும் போட்டார். அவர் படகில் ஏறும்வரை தலைப்பு அழியவில்லை. படகு நடு ஆற்றுக்குப் போன பிறகுதான் துணியை எடுத்தாள்.

அன்று சாயங்காலம் ஏடுகொண்டலு கேட்டான், "அந்தக் காலு எண்ணு எவ்வளவுடி? சந்தையில எல்லாரும் கேக்கறாங்க." அவள் சொல்லவில்லை. அழித்த சோதனையின் எண்ணைச் சொல்வது முறையில்லை.

அம்மாக்களுக்கு மட்டும் புதிதாக ஒன்று சொல்லி அனுப்பினாள். தேற்றுவதற்கு முன்னால் எவ்வளவு, தேற்றிய பின் எவ்வளவு, இரண்டும் வேண்டும், அதிகம் இறங்கியிருக்கிற வீட்டுக்காரிதான் கெட்டிக்காரி என்று. கலங்கல் தண்ணீரைக் கொடுப்பதில் இருந்த மானக்கேடு ஒரே நாளில் காணாமல் போயிற்று. மறுநாள் காலை ஆளுக்கு இரண்டு பாட்டில்.

மங்கதாயாருவின் முதல் பாட்டிலை வீரவேணி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பார்க்க ஒன்றும் இல்லை. பாட்டில் செங்கல்போல் இருந்தது. உள்ளே ஒரு மண்புழு.

"லோவலட்சுமி, இது கோதாவரியா?"

"ஆய் மேடம்" என்றாள் லோவலட்சுமி. வீரவேணி இன்னும் பார்த்துக்கொண்டே இருந்ததால் கொஞ்சம் நெளிந்தாள். "எண்ணு நல்லா எறங்கணும்னு அம்மா கொல்லையிலேர்ந்து கொஞ்சம் சேத்தாங்க மேடம்."

வீரவேணி சாக்கட்டியை எடுத்து, தலைப்பில் ஒழுங்காக எழுதினாள்: 'மாதிரி எடுத்த இடம்: கோதாவரியும், மங்கதாயாரு வீட்டுக் கொல்லையும்.'